டுபாய்க் குழாயும் உரும்பிராய்க் கிணறும்

டுபாயில் வேலை செய்கிற தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “இங்கே மழை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழாயைத் திறந்தால் இருபத்துநாலு மணித்தியாலமும் தண்ணீர். எங்கள் யாழ்ப்பாணத்திலோ கார்த்திகையில் வெள்ளம், ஆவணியில் தண்ணீர்ப் பவுசருக்குக் காவல். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்துவிட்டதுதானே. அப்படி இன்னும் இரண்டு மூன்று கட்டினால் பிரச்சினை தீராதா? வீட்டுக்குக் குழாய் வந்தால் கிணற்றை மூடிவிடலாமா?”

தம்பி, ஆலை வேண்டும். கிணற்றை மூட வேண்டாம். இதற்கான காரணத்தைச் சொல்ல ஓமானிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே பதினொரு வருடம் நீர் வழங்கல் வேலையில் இருந்துவிட்டு இப்போது உரும்பிராயில் இருக்கிறேன். பாலைவனத்து நகரங்களின் தண்ணீரை உள்ளே நின்று பார்த்தவன் என்பதால், வெளியில் தெரியாத பக்கத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் குழாய்த் தண்ணீரைப் பார்ப்போம். டுபாயில் வருட மழை 100 மில்லிமீற்றரை ஒட்டித்தான். குடிநீர் கிட்டத்தட்ட முழுவதும் கடலிலிருந்து வருகிறது. முன்பெல்லாம் கடல்நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து எடுத்தார்கள். இப்போது புதிதாகக் கட்டுவதெல்லாம் பெரும்பாலும் ஆர்.ஓ. முறைதான். மிக நுண்ணிய சவ்வு ஒன்றின் ஒரு பக்கத்தில் கடல்நீரை விட்டு, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 60 கிலோ என்ற அழுத்தத்தில் தள்ளுவார்கள். தண்ணீர் மறுபக்கம் போகும், உப்பு இந்தப் பக்கம் நிற்கும். நூறு லீற்றர் கடல்நீரில் நாற்பது, நாற்பத்தைந்து லீற்றர்தான் நன்னீராக வரும். மீதி, ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்போடு கடலுக்கே திரும்பும்.

இந்தத் தள்ளுதலுக்குத்தான் மின்சாரம். ஒரு கன மீற்றருக்கு, அதாவது ஆயிரம் லீற்றருக்கு, 3 முதல் 4 யூனிற் போகும். தாளையடி ஆலை 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. அதன் அளவு நாளுக்கு 24,000 கன மீற்றர். மூன்றரை யூனிற் என்று வைத்தாலும் முழு அளவில் ஓடுகிற ஒரு நாளுக்கு 84,000 யூனிற். மாதம் 90 யூனிற் எரிக்கிற 28,000 வீடுகளின் மின்சாரம் அது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர முதலில் போட்ட திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் மறுப்புச் சொன்னார்கள், அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அந்த நிலைமையில் கடலுக்குப் போனது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீரின் ஒவ்வொரு வாளியிலும் மின்சாரம் கரைந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. எண்ணெயும் எரிவாயுவும் சொந்த மண்ணில் இருக்கிற நாடு அந்தச் செலவைத் தாங்கும். நாங்கள் தாங்குவது வேறு கதை.

சரி, எண்ணெய் இருக்கிற நாடே இந்த ஆலைகளை முழுதாக நம்பி இருக்கிறதா? இல்லை. வளைகுடாக் கடலில் ஒரு பெரிய எண்ணெய்க் கசிவு வந்தால் ஆலைகளை நிறுத்த வேண்டிவரும். தொட்டிகளில் இருப்பது சில நாட்களுக்குத்தான் காணும். இந்தப் பயத்தில் அபுதாபி ஒரு வேலை செய்தது. லிவா என்ற பாலைவனப் பகுதியில் மணலுக்கு அடியில் நல்ல நீர்த்தாங்கு படை, அதாவது தண்ணீரைப் பிடித்து வைக்கிற அடுக்கு, ஒன்று இருக்கிறது. ஆலையில் சுத்தமாக்கிய கடல்நீரைக் குழாய் வழியே அங்கே கொண்டுபோய், மணலுக்குள் மெல்ல மெல்ல இறக்கிச் சேமித்தார்கள். நிரப்பவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. 2018இல் வேலை முடிந்தது. இப்போது அங்கே ஏறக்குறைய 2 கோடி 60 லட்சம் கன மீற்றர் நன்னீர் நிலத்துக்கு அடியில் கிடக்கிறது. அவசரம் வந்தால் 90 நாளுக்குத் தாக்குப்பிடிக்கலாம் என்பது கணக்கு.

எனக்கு இதில் மனதைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. பெருஞ்செலவில், வருடக்கணக்கில் உழைத்து அவர்கள் உண்டாக்கிய பொருள் என்ன? நிலத்துக்கு அடியில் ஒரு நன்னீர்ச் சேமிப்பு. அதே பொருள் எங்கள் காலுக்குக் கீழே, மழையே நிரப்பிவிடுகிற நிலையில், காலம் காலமாக இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாடு ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் பாறை. அதற்குள் வெடிப்பும் பொந்தும் குகையுமாக இருக்கும். பெய்கிற மழை அதற்குள் இறங்கி, கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும். நன்னீர் பாரம் குறைந்தது, கடல்நீர் பாரம் கூடியது, அதனால்தான் மிதக்கிறது. நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்த வில்லை மாதிரி இருக்கும். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். மேலே நன்னீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. குடாநாடு முழுவதன் வெட்டுமுகத்தையும் அந்த ஒரு கிணற்றிலேயே காணலாம். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று இப்படி நாலு தனித்தனி வில்லைகள் இருக்கின்றன. பெரியது வலிகாமத்தினுடையது, சுன்னாகம் நீர்த்தாங்கு படை என்று சொல்வார்கள்.

இந்த வில்லைக்கு ஒரு கணக்கு உண்டு, அதை எங்கள் பிள்ளைகள் எல்லாரும் பாடமாக்க வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது மீற்றர் நன்னீர் இருக்கும். அதையே திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு மீற்றர் இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு நாற்பது மீற்றர் ஏறி வரும். மேலே ஓர் அடி இறங்குவது கண்ணுக்குத் தெரியும், அடியில் ஏறுவது யாருக்கும் தெரியாது.

எங்கள் அப்பு காலத்தில் தோட்டக் கிணற்றில் துலா இருந்தது. ஒருவர் மேலே ஏறி மிதிப்பார், ஒருவர் கீழே நின்று பட்டையில் தண்ணீர் வார்ப்பார். காலையில் தொடங்கினால் வெயில் ஏறும்போது ஆளுக்கு உயிர் போகும், நிறுத்திவிடுவார்கள். அந்த வேகத்தில் எடுத்தது கிணற்றின் மேல் தண்ணீரை மட்டும்தான். பிறகு மண்ணெண்ணெய் மெஷின் வந்தது, அதற்குப் பிறகு மின்மோட்டர். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்கு இறைக்கும்போது நான் ஒரு நாள் நின்று பார்த்தேன். ஆவணி மாதம், சோளகக் காற்று. மோட்டர் போட்டவுடன் வாய்க்காலில் ஓடிய தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தேன், நல்ல தண்ணீர். இரண்டு மணித்தியாலம் கழித்து அதே வாய்க்காலில் ஏந்தினேன், நாக்கில் சவர் தட்டியது. மோட்டர் ஒரே இடத்தில் இழுக்க, கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு மாதிரி எழும்பி வருகிறது. நிறுத்தி ஒரு இரவு விட்டால் மெல்ல இறங்கும். விடாமல் இறைத்தால் இறங்காது. கரையோரத்தில் இப்படியே உப்பாகிப்போய்க் கைவிட்ட கிணறுகளை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

ஓமானில் நான் படித்த பெரிய பாடம் எந்த ஆலையிலும் இல்லை. அங்கே பலஜ் என்று பழைய வாய்க்கால்கள் இருக்கின்றன. மலையடிவாரத்து நிலத்தடி நீரை, நிலத்துக்குள்ளேயே சரிவாக வெட்டிய சுரங்கம் வழியே ஊருக்குக் கொண்டுவருவார்கள். பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. நிஸ்வா என்ற ஊரின் டாரிஸ் பலஜ் அந்த ஐந்தில் ஒன்று. தண்ணீர் வெளியே வருகிற முதல் இடத்தில் குடிக்க எடுப்பார்கள். அடுத்தது பள்ளிவாசல், குளிக்கும் இடம். அதற்குப் பிறகுதான் பேரீச்சந் தோட்டம். கடைசியில் பருவப் பயிர் செய்கிற காணி. ஒவ்வொருவருக்கும் பங்கு நேரக் கணக்கில், அரை மணித்தியாலம் ஒரு அலகு. பகலில் நிழல் விழுவதை வைத்து, இரவில் வானத்து வெள்ளிகளைப் பார்த்து முறை மாற்றுவார்கள். மழை பொய்த்த வருடத்தில் கடைசிக் காணியில் விதைக்கவே மாட்டார்கள். பேரீச்சை பட்டுப்போனால் திரும்ப வளர்க்கப் பல வருடம் ஆகும், வெங்காயத்தை அடுத்த வருடம் போடலாம்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பங்குக் கிணறுதான் நினைவுக்கு வந்தது. நாலு காணிக்கு நடுவில் ஒரு கிணறு, இன்றைக்கு உங்கள் முறை, நாளைக்கு எங்கள் முறை. காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதியிருப்பார்கள். அந்த முறைக்குள் ஒரு கட்டுப்பாடு ஒளிந்திருந்தது: ஒரு கிணற்றிலிருந்து ஒரு நாளைக்கு இவ்வளவுதான். பங்குக் கிணறு பிரிந்து, ஆளுக்கொரு கிணறு, ஆளுக்கொரு குழாய்க்கிணறு என்று ஆனபோது அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. வில்லை மட்டும் இன்னும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பாலைவன நகரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். பாவித்த தண்ணீர் எங்கே போகிறது என்பதில்தான் அந்த நகரங்களின் கெட்டித்தனம் இருக்கிறது.

நமீபியாவின் தலைநகரம் விண்ட்ஹூக். 1968இலிருந்து தன் கழிவுநீரைச் சுத்தமாக்கி மறுபடி குடிநீராகவே கொடுக்கிறது, உலகில் முதலாவதாக அதைச் செய்த நகரம் அதுதான். 2002இல் கட்டிய புதிய ஆலை நாளுக்கு 21,000 கன மீற்றர் தருகிறது, எங்கள் தாளையடிக்கு ஏறக்குறைய சமம். ஒன்றைக் கவனியுங்கள்: தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவோடு கலக்க விடாமல் தனியாகப் பிரித்துவிட்டார்கள். எது கலந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை எடுக்க வேண்டும் என்பது தெரியும். டெல் அவிவ் பக்கத்தின் கழிவுநீரைச் சுத்தமாக்கி, நகரத்துக்குத் தெற்கே மணல் நிலத்தில் தேக்கி இறக்குகிறார்கள். மணல் வடிகட்டிய பிறகு கிணறுகளால் எடுத்து நெகேவ் பாலைவனத் தோட்டங்களுக்கு அனுப்புகிறார்கள். இஸ்ரேல் தன் கழிவுநீரில் நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி இப்படித் திரும்பப் பாவிக்கிறது. லாஸ் வேகஸ் வீட்டுக்குள் பாவிக்கிற தண்ணீரை ஏறக்குறைய முழுவதும் சுத்தமாக்கி, எடுத்த நீர்த்தேக்கத்துக்கே திருப்பி விடுகிறது. வெளியே புல்லுக்கு ஊற்றுவது திரும்பி வராது, அதனால் காசு கொடுத்தே மக்களின் புல்லைப் பிடுங்க வைத்தார்கள். அலங்காரப் புல்லைத் தடைசெய்யும் சட்டமும் 2021இல் வந்தது.

இப்போது எங்கள் பக்கம் பாருங்கள். யாழ் நகரத்து வீடுகளின் கழிவுநீருக்குப் பொதுக் குழாய் அமைப்பு இல்லை. மலசலகூடத்துக் குழிதான், அதுவும் அடி திறந்த குழி. ஒரு பரப்புக் காணி என்பது ஏறக்குறைய 250 சதுர மீற்றர். அதற்குள் வீடு, கிணறு, குழி மூன்றும். பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு அருகில், உங்கள் குழி அவர்கள் கிணற்றுக்கு அருகில். மணல் என்றால் கிருமியையாவது வடிகட்டும். வெடித்த சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் ஓட்டையால் ஓடுவது மாதிரி ஓடும். பத்து வருடத்துக்கு முன் சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கண்டபோது, பாறைக்குள் அழுக்கு எவ்வளவு தூரம் பரவும் என்பதை ஊரே பார்த்தது.

எண்ணெய் என்றால் மணக்கும், கண்ணுக்கும் தெரியும். நைத்திரேற்று தெரியாது. மலக்குழியிலிருந்தும், தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவிலிருந்தும் அது இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தின் பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலம்பாரிக்கும் ஆபத்து உண்டு. தாய்மார் தயவுசெய்து இதைக் கேளுங்கள்: கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது சுண்ணாம்பு, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது கேத்தலில் ஒரு தடயமும் விடாமல் போகிறது.

இதை வைத்து உங்கள் கேள்விக்கு வருவோம். தாளையடியிலிருந்து நாளுக்கு 24,000 கன மீற்றர் வீடுகளுக்குள் வருகிறது என்று வையுங்கள். வீட்டுக்குள் வருகிற தண்ணீரில் நூற்றுக்கு எண்பதை ஒட்டிக் கழிவாக வெளியே போகும் என்பது எங்கள் தொழிலில் போடுகிற சாதாரணக் கணக்கு. அப்படியானால் நாளுக்கு 19,000 கன மீற்றர். அவ்வளவும் எங்கே போகும்? அதே குழிகளுக்குள், அதே சுண்ணாம்புக்கல்லுக்குள். வாளியால் அள்ளிக் குளித்தவர் ஷவரில் குளிப்பார், தண்ணீர் கூடப் பாவிக்கும், குழிக்குள் கூடத் தள்ளும். வருகிற குழாயைப் போட்டுவிட்டுப் போகிற குழாயைப் போடாமல் விட்டால், கடலிலிருந்து மின்சாரம் எரித்து எடுத்த தண்ணீரைக் கொண்டு மலத்தை நிலத்தடி நீருக்குள் கழுவி இறக்குகிறோம் என்றுதான் அர்த்தம். ஆலைகளை மூன்றாக்கினால் இதுவும் மூன்றாகும். என் பெரிய கவலை இதுதான், தம்பி. இதைப் பற்றிக் கூட்டங்களில் ஒருவரும் பேசக் காணவில்லை.

நகரத்துக்காவது கழிவுநீர்க் குழாயும் சுத்திகரிப்பும் வேண்டும். சுத்தமாக்கிய தண்ணீரை உடனே குடிக்கச் சொல்லவில்லை. தென்னைக்கும் மாட்டுப் புல்லுக்கும் விடலாம், அதிலிருக்கிற நைதரசன் அங்கே உரமாகும். வலிகாமத்துத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டால் இறைப்பும் குறையும், பசளை கீழே கழுவப்படுவதும் குறையும். பாத்தி நிறைய விட்டுப் பழகிய கைக்கு அது பிடிக்காதுதான். ஆனாலும் எங்கள் தோட்டக்காரர் கண்டு பழகினால் விடமாட்டார்கள்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. டுபாயோடு எங்களை ஒப்பிடும்போது நாங்கள் பணக்காரர். குடாநாட்டின் சராசரி வருட மழை 1,200 மில்லிமீற்றரை ஒட்டி இருக்கும், பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிறது. குடாநாடு ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர். பெருக்கினால் 120 கோடி கன மீற்றர். தாளையடி ஒரு வருடம் நிற்காமல் ஓடினாலும் 88 லட்சம் கன மீற்றர்தான், மழையின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. மழையில் பெரும்பங்கு ஆவியாகப் போகும், சரி. ஆனால் ஓடிக் கடலில் விழுவதில் கொஞ்சத்தை மறித்தாலே ஆலையளவு தண்ணீர் நிலத்துக்குள் போகும். அந்த ஆலை திறந்த அதே 2024இல், நவம்பரில், யாழ்ப்பாணம் வெள்ளத்தில் கிடந்தது.

மறிக்கிற யோசனை புதிதல்ல. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தை வைத்தார். ஆனையிறவுக் கடனீரேரியில் வந்து விழுகிற கனகராயன் ஆற்றுத் தண்ணீரை, முள்ளியான் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக் கடனீரேரிக்கும் விடுவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்புக் கட்டிக் கடல் உள்ளே வராமல் மறிப்பது. வருடா வருடம் மாரித் தண்ணீர் கழுவக் கழுவ உப்பேரி நன்னீர் ஏரியாகும், சுற்றியுள்ள கிணறுகள் இனிக்கும். பாதி வேலை நடந்தது, பாதி நின்றது. இப்போது அதைத் தூக்கினால் கடனீரேரியில் மீன், இறால் பிடிக்கிறவர்களின் பிழைப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டுப் போடுகிற திட்டத்துக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன். அதுவரைக்கும் குளங்கள் இருக்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளம், கேணி குடாநாட்டில் உண்டு, வழுக்கையாற்றைப் போல மாரியில் மட்டும் ஓடுகிற வழிகளும் உண்டு. ஒரு குளத்தை மண்போட்டு நிரப்பிக் கடை கட்டினால், அதைச் சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊட்டம் நின்றது என்று பொருள். தூர்வாரும்போது கரையை அழகுபடுத்துவதை விட, வெள்ளவாய்க்கால் குளத்துக்குள் வந்து சேருகிறதா என்று பாருங்கள்.

எல்லாப் பாலைவன வழியும் நல்லதல்ல என்பதையும் சொல்லவேண்டும். லிபியா 1984இல் தொடங்கிய செயற்கைப் பேராறு, சகாராவுக்கு அடியில் பல்லாயிரம் வருடத்துக்கு முன் சேர்ந்த தண்ணீரைத் தோண்டிக் கரையோர நகரங்களுக்குக் கொண்டுவருகிறது. எடுத்ததை நிரப்ப அங்கே மழை இல்லை. எங்களுடைய தண்ணீர் அப்படியல்ல, ஒவ்வொரு மாரியிலும் புதிதாக வருகிறது.

சரி, உங்கள் வீட்டுக்கு. நூறு சதுர மீற்றர் கூரை இருந்தால் வருடத்தில் 1,20,000 லீற்றர் மழை அதில் விழும். ஐந்தில் ஒன்று வீணானாலும் 96,000 லீற்றர். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லீற்றர் என்றால் நாளுக்கு 50, மாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் எட்டு மாதத்துக்கு 12,000 லீற்றர். அந்த அளவில் மூடிய தொட்டி ஒன்று கட்டுங்கள். முதல் மழையைக் கழுவவிட்டு, இரண்டாவது மழையிலிருந்து பிடியுங்கள். மிஞ்சுவதைக் கிணற்றுக்குள் நேரே விடாமல், கல்லும் மணலும் போட்ட குழி வழியே இறக்குங்கள்.

குழாய் வந்த பிறகும் கிணற்றை வைத்திருங்கள், மெல்ல இறையுங்கள், சின்ன மோட்டர் போதும். வருடத்தில் இரண்டு தரம், மாரி முடிந்து தையிலும் கோடை முடிகிற புரட்டாதியிலும், போத்தலில் எடுத்து உப்புக்கும் நைத்திரேற்றுக்கும் பரிசோதிக்கக் கொடுங்கள். அந்த இரண்டு இலக்கத்தையும் சுவரில் எழுதி வையுங்கள். கிணற்றுக்கு மிக அருகில் குழி இருந்தால், இந்த விடுமுறைக்கு வரும்போது முதல் வேலையாக அதை மூடி, அடியும் பக்கமும் கட்டிய தொட்டியாகத் தூரத்தில் மாற்றுங்கள். பக்கத்து வீட்டாரோடும் இதைக் கதையுங்கள், உங்கள் கிணற்றில் பாதி அவர்கள் குழியில் தங்கியிருக்கிறது.